வெயிலில் தொங்கும் ஒளியியல் நாரில் வெப்ப இரைச்சல் ஏறுமா?

உங்கள் கேள்வியில் இரண்டு பகுதிகள் உள்ளன. தனிப்பூச்சியத்துக்கு (−273 பாகை செல்சியஸுக்கு) மேற்பட்ட வெப்பநிலையில் இருக்கும் எந்தப் பொருளும் வெப்ப இரைச்சலை, அதாவது சூட்டால் எழும் ஒழுங்கற்ற ஏற்ற இறக்கத்தை, உண்டாக்கும் என்று படிக்கிறோம். அப்படியானால் யாழ்ப்பாணத்துச் சித்திரை வெயிலில் கம்பத்துக்குக் கம்பம் தொங்கும் ஒளியியல் நாரும் தன் பங்குக்கு இரைச்சலைச் சேர்க்க வேண்டாமா என்பது முதலாவது. அப்படிச் சேர்க்குமென்றால், பாடநூல்கள் ஏன் வெப்ப இரைச்சலை, நாரின் முடிவில் ஒளியை மின்னாக மாற்றும் வாங்கியைப் பற்றிய அத்தியாயத்தில் மாத்திரம் எழுதிவிட்டு, நாரைப் பற்றிய அத்தியாயத்தில் ஒன்றும் சொல்லாமல் விடுகின்றன என்பது இரண்டாவது.

விடையைச் சுருக்கமாக முதலில் சொல்லிவிடுகிறேன். தொடர்பாடலுக்குப் பயன்படும் 1,310 முதல் 1,550 நனோமீற்றர் வரையான அலைநீளங்களில், சாதாரண வெப்பநிலையில் இருக்கும் கண்ணாடி வெளிவிடும் வெப்ப ஒளி, நடைமுறையில் இல்லை என்றே சொல்லத்தக்க அளவுக்குச் சிறியது. வானொலிச் சமிக்ஞையைக் கொண்டுசெல்லும் செப்பு வடம் தன் வெப்பத்தால் அந்தச் சமிக்ஞையில் இரைச்சலைக் கலப்பது போல ஒளியியல் நார் கலப்பதில்லை. நீங்கள் தேடும் வெப்ப இரைச்சல், ஒளி மின்னோட்டமாக மாறிய பின்னர், வாங்கியின் தடையிகளில் பிறக்கிறது. ஆனால் இதை வைத்துக்கொண்டு, நாரின் கண்ணாடிக்கும் வெப்பத்துக்கும் தொடர்பே இல்லை என்று முடிவு கட்டிவிடக் கூடாது. தொடர்பு உண்டு, அது வேறு வழிகளில் வருகிறது. இந்த விடயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான்.

வெப்ப இரைச்சலைச் செவ்வையாக அளந்தவர் பெல் தொலைபேசி ஆய்வுகூடத்தைச் சேர்ந்த ஜோன்சன். அதற்குக் கோட்பாட்டு விளக்கம் கொடுத்தவர் நைகுவிஸ்ற். இருவரும் சுவீடனில் பிறந்து அமெரிக்காவுக்குச் சென்றவர்கள். இருவருடைய கட்டுரைகளும் 1928 இல் அடுத்தடுத்து வெளிவந்தன. ஒரு தடையியிலிருந்து பெறக்கூடிய இரைச்சல் வலு, போல்ற்ஸ்மன் மாறிலி, தனிவெப்பநிலை, பட்டை அகலம் (கருதப்படும் மீடிறன்களின், அதாவது அதிர்வெண்களின், வீச்சு) ஆகிய மூன்றின் பெருக்கம் என்பதே அவர்கள் கண்ட முடிவு. தடையியின் பருமனோ அது எதனால் ஆனது என்பதோ அந்தச் சமன்பாட்டில் இடம்பெறுவதில்லை.

நைகுவிஸ்ற் இந்த முடிவுக்கு வந்த வழி உங்கள் கேள்விக்கு நேரடியாக உதவுகிறது. இழப்பில்லாத நீண்ட வடம் ஒன்றின் இரு முனைகளிலும் ஒரே வெப்பநிலையிலுள்ள இரண்டு தடையிகள் இணைக்கப்பட்டிருப்பதாக அவர் கற்பனை செய்தார். வடத்தில் நிலைகொள்ளக்கூடிய ஒவ்வோர் அலைப் பாங்குக்கும், அதாவது அலைவு வடிவத்துக்கும், எவ்வளவு வெப்பச் சத்தி உரியது என்று கணக்கிட்டு, அதிலிருந்து ஒவ்வொரு தடையியும் அனுப்பும் வலுவைப் பெற்றார். ஒற்றைப்பாங்கு ஒளியியல் நாரும் அவருடைய கற்பனை வடம் போன்ற ஒற்றைப் பரிமாண அலைவழிதான். ஆகவே அதே தருக்கத்தை நாருக்கும் தயக்கமின்றிப் பயன்படுத்தலாம். ஒரேயொரு வேறுபாடு உண்டு. மீடிறன் மிக உயர்ந்ததாக இருக்கும்போது, ஒரு பாங்குக்குரிய வெப்பச் சத்தியை போல்ற்ஸ்மன் மாறிலியையும் வெப்பநிலையையும் பெருக்கிப் பெற முடியாது. பிளாங்கின் சமன்பாட்டைக்கொண்டே பெற வேண்டும். இதை நைகுவிஸ்ற் தம்முடைய அதே கட்டுரையின் இறுதியிலேயே எழுதிவிட்டார். ஒளியியல் நார் என்ற ஒன்று நினைவிலும் இல்லாத காலத்தில் எழுதப்பட்ட அந்தச் சிறு திருத்தமே உங்கள் முதற் கேள்விக்கான முழு விடை.

இப்போது எண்களைப் போட்டுப் பார்ப்போம். வெப்பநிலை 300 கெல்வின், அதாவது 27 பாகை செல்சியஸ், என்று கொண்டால், போல்ற்ஸ்மன் மாறிலியையும் வெப்பநிலையையும் பெருக்கக் கிடைப்பது 4.14 × 10⁻²¹ யூல். இதை வெப்பச் சத்தி அலகு என்று அழைப்போம். ஒரு கிகாஹேர்ட்ஸ் மீடிறனுள்ள வானொலி அலையின் ஒரு போட்டன், அதாவது அலைச் சத்தியின் மிகச் சிறிய தனிப் பொதி, 6.6 × 10⁻²⁵ யூல் சத்தி கொண்டது. வெப்பச் சத்தி அலகு இதைப்போல ஆறாயிரம் மடங்குக்கு மேல். ஆகவே வானொலி வடத்தின் ஒவ்வொரு பாங்கிலும் எந்நேரமும் ஆயிரக்கணக்கான வெப்பப் போட்டன்கள் நிரம்பியிருக்கின்றன. 1,550 நனோமீற்றர் ஒளியின் ஒரு போட்டனோ 1.28 × 10⁻¹⁹ யூல் சத்தி கொண்டது. இது வெப்பச் சத்தி அலகைப்போல ஏறத்தாழ 31 மடங்கு. நிகழ்தகவு இந்த விகிதத்துடன் அடுக்குக்குறி முறையில் குறைவதனால், ஒரு பாங்கிலுள்ள வெப்பப் போட்டன்களின் சராசரி எண்ணிக்கை ஏறத்தாழ 3.6 × 10⁻¹⁴ ஆகிவிடுகிறது. ஆறாயிரத்துக்கு மேல் இருந்தது, ஒன்றின் மிக நுண்ணிய பின்னமாகிவிட்டது. இடையில் மாறியது மீடிறன் மட்டுமே. கண்ணாடியின் தூய்மைக்கோ தொழினுட்பத்தின் சிறப்புக்கோ இதில் பங்கில்லை.

இந்தப் பின்னம் மனத்தில் பதிய வேண்டுமானால் அதைச் செக்கன்களாக மாற்றிப் பார்க்க வேண்டும். 10 கிகாஹேர்ட்ஸ் பட்டை அகலத்தையும் ஒளியின் இரண்டு முனைவாக்கங்களையும் (அதிர்வுத் திசைகளையும்) எடுத்துக்கொண்டால், 300 கெல்வினில் இருக்கும் நாரிலிருந்து வாங்கியை வந்தடையும் வெப்பப் போட்டன்கள், ஆகக் கூடினாலும், ஏறத்தாழ 23 நிமிடங்களுக்கு ஒன்று. யாழ்ப்பாணத்தில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டிய நாட்களில் நண்பகலில் சூரியன் நேர் உச்சியில் நிற்கும். அந்த வெயிலில் கறுப்பு உறை போர்த்த வடம் 67 பாகை செல்சியஸ் வரை சுடுவதாக மிகையாகவே வைத்துக்கொள்வோம். அப்போது வெப்பநிலை 340 கெல்வின். வெப்பப் போட்டன்களின் வரத்து ஏறத்தாழ 40 மடங்காகி, அரை நிமிடத்துக்குச் சற்றுக் கூடுதலான நேரத்துக்கு ஒன்று என்றாகும். 40 மடங்கு என்பது பெரிய எண்தான். ஆனால் அதே வாங்கிக்கு 10 மைக்ரோவாற்று வலுவுடன் வரும் சமிக்ஞையில் செக்கனுக்கு ஏறத்தாழ 78 இலட்சம் கோடி போட்டன்கள் இருக்கின்றன. அரை நிமிடத்துக்கு ஒரு போட்டன் அதில் எங்கே தெரியப்போகிறது?

‘ஆகக் கூடினாலும்’ என்று மேலே எழுதியதற்குக் காரணம் உண்டு. கிர்க்கொவின் விதிப்படி, ஒரு பொருள் எந்த அளவுக்கு ஒளியை உறிஞ்சுகிறதோ அந்த அளவுக்கே அது வெப்ப ஒளியை வெளிவிடும். நான் எடுத்த கணக்கு, வரும் ஒளி முழுவதையும் உறிஞ்சிவிடும் கரிய நாருக்குரியது. உண்மையான நாரில் இழப்பின் பெரும்பகுதி உறிஞ்சலால் ஏற்படுவதன்று, சிதறலால் ஏற்படுவது. எனவே உண்மையான வெப்ப ஒளி இதைவிடவும் குறைவு.

வானொலிப் பொறியியலைப் படித்துவிட்டு ஒளியியலுக்கு வருவோரிடம் இங்கே ஒரு குழப்பம் எழுவதைக் காண்கிறேன். வானொலியில், 3 டெசிபெல் இழப்புள்ள வடம் சமிக்ஞையைப் பாதியாக்குவதோடு நில்லாமல், தன் வெப்ப இரைச்சலையும் சேர்க்கிறது. இழப்பு, இரைச்சல் இரண்டும் அங்கே இணைபிரியாதவை. ஒளியியல் நாரிலும் இழப்புக்கு ஒரு விலை உண்டு, ஆனால் அது வெப்ப விலையன்று. எந்தப் போட்டன் வழியில் தொலையும், எது தப்பும் என்பது தற்செயலானது. அதனால் மிஞ்சி வரும் போட்டன்களின் எண்ணிக்கையில் ஏற்ற இறக்கம் இருக்கும். இந்தக் குவாண்டம் ஏற்ற இறக்கத்துக்கு வெப்பநிலையுடன் தொடர்பில்லை. நாரைப் பனிக்கட்டியில் புதைத்தாலும் அது குறையாது. ஒரு பாங்குக்கு ஒரு போட்டன் என்ற குவாண்டம் அளவை வெப்பநிலையாக மாற்றி எழுதினால் ஏறத்தாழ 9,300 கெல்வின் வரும். அந்த எண்ணோடு ஒப்பிடும்போது நாரின் வெப்பநிலை 300 கெல்வினா 340 கெல்வினா என்பது பொருட்டாவதில்லை.

இனி வாங்கிக்கு வருவோம். உங்கள் வீட்டில் பைபர் இணைப்பு இருந்தால், சுவரிலுள்ள வெள்ளைப் பெட்டிக்குள் மெல்லிய மஞ்சள் நிறக் கயிறு போன்ற நார் சென்று பச்சை நிறச் செருகியில் முடிவதைப் பார்த்திருப்பீர்கள். அந்தச் செருகிக்குப் பின்னால், உள்ளே, உழுந்தளவு உலோக உறை ஒன்று உண்டு. அதற்குள் இந்தியம் கலியம் ஆசனைட்டினால் ஆன, ஒளியை மின்னோட்டமாக்கும் ஒளி இருவாயியும், அதை ஒட்டியபடியே அந்த மின்னோட்டத்தைப் பெருக்கும் மிகச் சிறிய விரியலாக்கிச் சில்லும் அமர்ந்திருக்கின்றன. இரண்டையும் இவ்வளவு நெருக்கமாக வைப்பதற்குக் காரணம், இடையில் வரும் ஒவ்வொரு துளிக் கொள்ளளவமும் (மின்னேற்றத்தைத் தேக்கும் தன்மையும்) வெப்ப இரைச்சலைக் கூட்டிவிடும் என்பதே. நாடு முழுவதும் ஓடும் நார்ப் பாதையில் வெப்ப இரைச்சல் உண்மையாகவே ஆட்சி செய்யும் இடம் இந்த உழுந்தளவு உறைதான்.

எளிய கணக்கு ஒன்றைப் பாருங்கள். 10 மைக்ரோவாற்று ஒளி, வாற்றுக்கு ஓர் அம்பியர் என்ற அளவில் மாறி, 10 மைக்ரோஅம்பியர் மின்னோட்டமாகிறது. அதை 50 ஓம் தடையியில் வாங்குகிறோம் என்று கொள்ளுங்கள். செக்கனுக்கு 10 கிகாபிற் வேகத்துக்கு ஏறத்தாழ 7 கிகாஹேர்ட்ஸ் பட்டை அகலம் தேவை. 300 கெல்வினில் அந்தத் தடையியின் வெப்ப இரைச்சல் மின்னோட்டம் 1.5 மைக்ரோஅம்பியர். இலத்திரன்கள் தனித்தனி மணிகளாக வருவதால் உண்டாகும் ஷொட் இரைச்சலோ வெறும் 0.15 மைக்ரோஅம்பியர். வெப்ப இரைச்சல் பத்து மடங்கு. வலுவாகப் பார்த்தால் நூறு மடங்கு. பாடநூல் வெப்ப இரைச்சலை வாங்கியின் அத்தியாயத்தில் வைத்திருப்பதற்கான நியாயம் இந்த ஒரு விகிதத்தில் இருக்கிறது.

தடையியைப் பெரிதாக்கினால் இரைச்சல் மின்னோட்டம் குறையும். ஆயிரம் ஓமில் அது 0.34 மைக்ரோஅம்பியராகிவிடும். ஆனால் ஆயிரம் ஓமும் இருவாயியின் கொள்ளளவமும் சேர்ந்து வேகத்தை முடக்கிவிடும், 0.2 பிகோபரட் கொள்ளளவம் இருந்தாலே பட்டை அகலம் ஒரு கிகாஹேர்ட்ஸுக்குக் கீழே இறங்கிவிடும். இந்தச் சிக்கலை அவிழ்ப்பதற்காகவே பெரிய தடையியை உள்ளீட்டில் போடாமல், விரியலாக்கியின் பின்னூட்டப் பாதையில் போடுகிறார்கள். அப்போது இரைச்சலுக்கு அது பெரிய தடையியாகவும், வேகத்துக்குச் சிறிய தடையியாகவும் நடந்துகொள்கிறது. இன்று விற்பனையாகும் ஏறத்தாழ எல்லா ஒளியியல் வாங்கிகளும் இந்த அமைப்பையே பயன்படுத்துகின்றன. என் பார்வையில், வெப்ப இரைச்சலுக்கு எதிராகப் பொறியியலாளர் செய்த வேலைகளுள் மிக அழகானது இது.

மற்றொரு வழி, தடையிக்கு வருமுன்பே மின்னோட்டத்தைப் பெருக்கிவிடுவது. அவலாஞ்ச் ஒளி இருவாயியில், ஒரு போட்டன் உண்டாக்கிய இலத்திரன் வலிமையான மின்புலத்தில் முடுக்கப்பட்டு மோதி மேலும் பல இலத்திரன்களை விடுவிக்கும். பத்து மடங்கு பெருக்கம் கிடைத்தால், பின்னால் வரும் தடையியின் வெப்ப இரைச்சல் சமிக்ஞையோடு ஒப்பிடுகையில் பத்திலொன்றாகத் தெரியும். பெருக்கமும் தற்செயல் நிகழ்வாதலால் ஷொட் இரைச்சல் கூடுகிறது; ஆகவே பெருக்கத்தை ஓர் அளவோடு நிறுத்த வேண்டியிருக்கிறது. வீட்டுப் பைபர் இணைப்பில் ஒரு நார் 32 வீடுகளுக்குப் பிரிக்கப்படும்போது, பிரிப்பான் ஒன்றிலேயே ஏறத்தாழ 17 டெசிபெல் போய்விடுகிறது. பொதுவாகப் பயன்படும் ஜீபொன் தரத்தில் வீட்டுப் பெட்டி −27 டிபிஎம் வரை, அதாவது 2 மைக்ரோவாற்று வரை, வாசிக்க வேண்டும். இவ்வளவு மங்கலான ஒளியை வாசிக்க வேண்டியிருப்பதால்தான் விலை கூடியதாயினும் அவலாஞ்ச் இருவாயி அங்கே தேவைப்படுகிறது.

வெப்ப இரைச்சல் முற்றாக இல்லாவிட்டால் எவ்வளவு ஒளி போதும்? நூறு கோடி பிற்களில் ஒன்று பிழைக்கலாம் என்ற அளவுகோலில், ஒரு பிற்றுக்குச் சராசரியாகப் பத்துப் போட்டன்கள் போதும் என்று குவாண்டம் கணக்கு சொல்கிறது. நாம் மேலே எடுத்த உதாரணத்திலோ ஒரு பிற்றுக்கு 7,800 போட்டன்கள் வருகின்றன. இடைவெளியின் பெரும்பகுதி, வெப்ப இரைச்சலை மிஞ்சுவதற்காக நாம் கொடுக்கும் விலை.

வாங்கியிலும்கூட வெயிலின் நேரடி விளைவு சிறிதே என்பதையும் சொல்ல வேண்டும். வெப்ப இரைச்சல் மின்னோட்டம் தனிவெப்பநிலையின் வர்க்கமூலத்துக்கு விகிதசமமானது. 300 கெல்வினிலிருந்து 340 கெல்வினுக்கு ஏறினால் அது ஆறரை வீதமே கூடும். அதை ஈடுசெய்ய ஒளியில் 0.3 டெசிபெல்லுக்கும் குறைவான கூடுதல் போதும். தூசு படிந்த ஒரு செருகி இதைவிடப் பன்மடங்கு இழப்பைத் தரும்.

தூரப் பாதைகளில் நிலைமை வேறு. யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு 400 கிலோமீற்றர் நாரை 80 கிலோமீற்றருக்கு ஒரு விரியலாக்கி வைத்து அமைப்பதாக எடுத்துக்கொள்வோம். எர்பியம் கலந்த நாரைக்கொண்டு ஒளியை ஒளியாகவே பெருக்கும் இந்த விரியலாக்கியை 1987 அளவில் சவுதாம்ரன் பல்கலைக்கழகத்தில் டேவிட் பெயினின் குழுவும், பெல் ஆய்வுகூடத்தில் டெசுவியரின் குழுவும் உருவாக்கின. ஒவ்வொரு விரியலாக்கியும் சமிக்ஞையைப் பெருக்கும்போது, எர்பியம் அயன்கள் தாமாகவே உமிழும் ஒளியையும் சேர்த்துப் பெருக்கிவிடுகிறது. 80 கிலோமீற்றர் துண்டு ஒன்றில் 20 டெசிபெல் இழப்பு, விரியலாக்கியின் இரைச்சல் எண் (சமிக்ஞை-இரைச்சல் விகிதத்தை அது எவ்வளவு கெடுக்கிறது என்ற அளவு) 5 டெசிபெல், ஏவும் வலு ஒரு மில்லிவாற்று என்றால், ஐந்து துண்டுகளின் முடிவில் சமிக்ஞைக்கும் இரைச்சலுக்கும் உள்ள விகிதம், 0.1 நனோமீற்றர் அகலத்தில், ஏறத்தாழ 26 டெசிபெல். இந்த இரைச்சல் வாங்கியின் வெப்ப இரைச்சலை முற்றாக மூழ்கடித்துவிடுகிறது. இதுவும் வெப்ப இரைச்சலன்று. விரியலாக்கியைக் குளிரூட்டினாலும், உயர்ந்த பெருக்கத்தில் அதன் இரைச்சல் எண் 3 டெசிபெல்லுக்குக் கீழே போகாது. அந்த எல்லையைக் குவாண்டம் இயக்கவியல் விதிக்கிறது.

இப்போது, எனக்குப் பிடித்த பகுதி. ஒளியைப் பொறுத்தவரை அந்தக் கண்ணாடி மௌனமாக இருக்கிறது. ஒலியைப் பொறுத்தவரை அது இரைந்துகொண்டிருக்கிறது. கண்ணாடிக்குள் ஓடும் 11 கிகாஹேர்ட்ஸ் ஒலியலையின் குவாண்டம் சத்தி, வெப்பச் சத்தி அலகைவிட மிகச் சிறியது. ஆகவே அந்த மீடிறனில் ஒவ்வொரு ஒலிப் பாங்கிலும் 570 அளவில் வெப்பப் போனன்கள், அதாவது ஒலியின் குவாண்டம் பொதிகள், எப்போதும் இருக்கின்றன. இந்த ஒலியலைகள் கண்ணாடியின் அடர்த்தியை நெருக்கியும் தளர்த்தியும் மாற்ற, முறிவுச் சுட்டி மாற, அதில் ஒளி பட்டுப் பின்னோக்கித் திரும்புகிறது. இது பிரில்லுவான் சிதறல். திரும்பும் ஒளியின் மீடிறன் ஏறத்தாழ 11 கிகாஹேர்ட்ஸ் விலகியிருக்கும். அந்த விலகல் கண்ணாடியின் வெப்பநிலை ஒரு பாகை மாறும்போது ஏறத்தாழ ஒரு மெகாஹேர்ட்ஸ் மாறும். பின்னோக்கிச் செல்வதால் வாங்கிக்கு இது இடையூறாவதில்லை. மாறாக, ஒரு முனையிலிருந்தே நாரின் ஒவ்வொரு மீற்றரின் வெப்பநிலையையும் அறிய இதைப் பயன்படுத்துகிறார்கள். நிலத்தடி மின்வடங்களும் எண்ணெய்க் குழாய்களும் அணைக்கட்டுகளும் இவ்வாறு கண்காணிக்கப்படுகின்றன.

முன்னோக்கிச் சிதறும் வகையும் ஒன்றுண்டு. நாரின் குறுக்குவெட்டு முழுவதும் வெப்பத்தால் சில பத்து மெகாஹேர்ட்ஸிலிருந்து பல நூறு மெகாஹேர்ட்ஸ் வரை அதிர்ந்துகொண்டிருக்கிறது. அந்த அதிர்வு, கூடவே செல்லும் ஒளியின் கட்டத்தை, அதாவது அலைவில் அது நிற்கும் நிலையை, சற்றே குலைக்கும். ஷெல்பி, லெவன்சன், பேயர் ஆகிய மூவரும் 1985 இல் இதை விளக்கி எழுதினார்கள். குவாண்டம் இரைச்சலைவிடக் குறைந்த இரைச்சலுள்ள ஒளியை நாரில் உண்டாக்க முயன்றவர்களுக்கு இது பெரிய தடையாக நின்றது; அதைத் தாண்டுவதற்காக அவர்கள் நாரைத் திரவ ஹீலியத்தில் குளிரச்செய்ய வேண்டியிருந்தது. ஒளியியல் நாரில் வெப்ப இரைச்சல் என்ற சொற்றொடரை அதன் முழு உரிமையோடு பயன்படுத்தத்தக்க இடம் இதுவே. ஒளி இருக்கிறதா இல்லையா என்று மட்டும் பார்க்கும் சாதாரண இணைப்புக்கு இது பொருட்டன்று. ஒளியின் கட்டத்தை அளக்கும் தலையீட்டுமானிகளுக்கும், கட்டத்தில் மிக நுண்ணிய படிகளை வைத்துத் தகவல் அனுப்பும் ஆய்வுநிலை முறைகளுக்கும் இது பொருட்டாகும்.

இதைவிட ஆழமான தொடர்பு ஒன்று நாரின் பிறப்பிலேயே இருக்கிறது. நார், ஏறத்தாழ 2,000 பாகை செல்சியஸில் இளகிய கண்ணாடிக் கோலிலிருந்து மயிரிழையாக இழுக்கப்படுகிறது. அந்தச் சூட்டில் கண்ணாடியின் அடர்த்தி இடத்துக்கு இடம், கணத்துக்குக் கணம் மாறியபடி இருக்கும்; நார் சட்டென்று குளிரும்போது அந்த ஏற்ற இறக்கங்கள் கலைய நேரமின்றி, பனங்கட்டிப் பாகு இறுகும்போது அதன் குமிழிகள் நின்ற நிலையிலேயே நின்றுவிடுவது போல, உறைந்துபோகின்றன. அந்த உறைந்த மேடுபள்ளங்களில் பட்டே ஒளி சிதறுகிறது; இதுவே இரேலி சிதறல். 1,550 நனோமீற்றரில் நாரின் இழப்பு கிலோமீற்றருக்கு 0.2 டெசிபெல் அளவு. அதன் பெரும்பகுதி இதனால் வருவது. இந்தச் சிதறலுக்கான சமன்பாட்டை எடுத்துப் பாருங்கள்: போல்ற்ஸ்மன் மாறிலியும் வெப்பநிலையும் அதில் அருகருகே நிற்கும். ஆனால் அந்த வெப்பநிலை இன்றைய வெயிலின் வெப்பநிலையன்று. கண்ணாடி உறைந்த கணத்தின், ஆயிரம் பாகைக்கு மேற்பட்ட வெப்பநிலை. கண்ணாடியின் தூய்மைக் குறைவே இழப்புக்கு முக்கிய காரணம் என்று 1966 இல் சார்ள்ஸ் காவோவும் ஹொக்காமும் காட்டிய பின், தூய்மை படிப்படியாக உயர்த்தப்பட்டு, இறுதியில் மிஞ்சி நிற்பது இந்த உறைந்த வெப்பம்தான். இன்று மிகக் குறைந்த இழப்புள்ள நாரைச் செய்வோர், இழுக்கும்போது நாரை மெல்ல மெல்லக் குளிரச்செய்வதில் இவ்வளவு கவனம் எடுப்பது இதனாலேயே.

நார் அறுந்த இடத்தைத் தேடும் தொழில்நுட்பவியலாளர் ஓ.டி.டி.ஆர். கருவியைச் செருகிப் பார்ப்பதை நீங்கள் கண்டிருக்கலாம். திரையில் இடமிருந்து வலமாக மெல்லச் சரியும் கோடு ஒன்று தெரியும். இணைப்பு வரும் இடங்களில் அதில் சிறு படிகள் இருக்கும். அறுந்த இடத்தில் கோடு செங்குத்தாக விழும். அந்தச் சரிந்த கோடு முழுவதும், உறைந்த அந்த மேடுபள்ளங்களில் பட்டுத் திரும்பும் ஒளி. அவை இல்லாவிட்டால் அந்தக் கருவி நாரின் உடலைப் பார்க்கவே முடியாது.

வெயில் வேறு சிலவற்றையும் செய்கிறது. அவை இரைச்சலல்ல, மெல்லிய பெயர்ச்சிகள். நாரில் ஒளி செல்லும் நேரம் கிலோமீற்றருக்கு, பாகைக்கு, ஏறத்தாழ 40 பிகோசெக்கன் மாறுகிறது. 400 கிலோமீற்றர் நாரின் வெப்பநிலை 10 பாகை மாறினால் 160 நனோசெக்கன். இணையப் பாவனைக்கு இது ஒன்றுமில்லை. கைத்தொலைபேசிக் கோபுரங்களின் கடிகாரங்களை ஒத்திசைப்பவர்கள் இதைக் கணக்கில் எடுக்க வேண்டும். லேசரின் அலைநீளமும் பாகைக்கு 0.1 நனோமீற்றர் அளவில் நகரும். பல அலைநீளங்களை 0.8 நனோமீற்றர் இடைவெளியில் அடுக்கி அனுப்பும் தூரப் பாதைகளில் லேசரின் வெப்பநிலையைப் பெல்ரியர் குளிரூட்டியால் நிலைநிறுத்துவது இதற்காகவே.

பின்னேரங்களில் வீட்டு இணைப்பு மந்தமாவதற்கு வெயிலில் கொதிக்கும் வடமே காரணம் என்று எங்கள் ஊரில் பலர் நம்புகிறார்கள். நாரைச் சந்தேகிப்பதற்கு முன், பெட்டி வைத்திருக்கும் இடத்தைப் பாருங்கள். தகரக் கூரையின் கீழ், காற்றோட்டமில்லாத மூலையில் இருக்கும் பெட்டியில் லேசர், செயலி, மின்வழங்கி ஆகிய மூன்றும் வெப்பத்தால் துன்பப்படும். அடுத்து, ஒழுங்கையிலிருந்து வீட்டுக்குள் வரும் நார் எங்காவது ஆணியில் கூர்மையாக மடிந்திருக்கிறதா என்று பாருங்கள். பின்னேரம் எல்லோரும் ஒரே நேரத்தில் இணைப்பைப் பயன்படுத்துவதையும் மறக்க வேண்டாம்.

படிப்புக்கான செயற்றிட்டம் ஒன்றுக்கு இதையே பரிசோதனையாக எடுக்க விரும்பினால், ஒரு கிலோமீற்றருக்குக் குறையாத நார்ச் சுருளைத் தளர்வாகச் சுற்றி நீர்த் தொட்டியில் இடுங்கள். இடையில் மாற்றத்தக்க மெலிப்பான் ஒன்றை வைத்து, பிழை வீதம் அளவிடத்தக்க அளவுக்கு ஒளியைக் குறையுங்கள். நீரை 27 பாகையிலிருந்து 60 பாகைக்குச் சூடாக்கினால் பிழை வீதத்தில் மாற்றம் தென்படக் கூடாது. தென்பட்டால் சுருள் எங்கோ இறுகி நுண்வளைவு உண்டாகியிருக்கிறது என்று பொருள். பின்னர் நாரை விட்டுவிட்டு வாங்கியை மாத்திரம் அதே அளவு சூடாக்குங்கள். பின்னூட்டத் தடையியின் வெப்ப இரைச்சலால் வரும் மாற்றம் 0.2 டெசிபெல்லைச் சற்றே தாண்டும். ஒரு செருகியைக் கழற்றி மறுபடி செருகினாலே 0.1 முதல் 0.2 டெசிபெல் வரை வேறுபாடு வந்துவிடுமாதலால், தொடக்கம் முதல் முடிவுவரை எந்தச் செருகியையும் தொடாமல் அளவெடுங்கள். அவலாஞ்ச் இருவாயியைவிட, பெருக்கமில்லாத சாதாரண ஒளி இருவாயி உள்ள வாங்கியையே தேர்ந்தெடுங்கள். அவலாஞ்ச் இருவாயியின் பெருக்கம் வெப்பநிலையோடு மாறுவதால், தடையியின் வெப்ப இரைச்சலைப் பிரித்தறிவது கடினமாகிவிடும்.